பெரிய ஆளுக்கும் அனுமதி இல்லை

ஆற்றங்கரை நாடு ஒன்றை ஒரு காலத்தில் வேங்கைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

தலைநகரின் விளக்குகள் எல்லாம் அரண்மனை எண்ணெய்ச் சாலையை நம்பித்தான் எரிந்தன. அங்கே மாடுகள் சுற்றும், செக்கு ஆடும், எண்ணெய் வழியும். அயல்நாட்டுக்கு விருந்துக்குப் போன ராஜா, ஆற்றுத் தண்ணீரில் சுழலும் செக்கைப் பார்த்துவிட்டார். “எனக்கும் அது வேண்டும்” என்று ஒற்றைக்காலில் நின்றார். வேலையும் தொடங்கியது.

ஆட்களைச் சேர்ப்பது, பழக்குவது, குறை கேட்பது, இதற்கென்றே செங்கமலம் என்று ஓர் அமைச்சர் இருந்தார். எந்திர அதிகாரி வித்தகராயருக்கு அந்த அம்மாளைக் கண்டாலே ஆகாது. அவர் பேசினால் ராஜா சிரிப்பார். இவர் பேசினால் கொட்டாவி விடுவார். எரியாதா பின்னே?

தண்ணீர்ச் செக்கு தயாரானதும் வித்தகராயர் சபையில் எழுந்தார்.

“அரசே, இதற்கு ஆளே தேவையில்லை. செக்காட்டிகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆளே இல்லாதபோது ஆட்களுக்கென்று ஓர் அமைச்சர் எதற்கு?”

செங்கமலம், “செக்காட்டிகளைத் தச்சர்களோடு விட்டுப் பழக்கிவருகிறேன், அரசே. அவர்களே இதையும் ஓட்டுவார்கள்” என்றார்.

“மாட்டு வாலைப் பிடித்தவர்களுக்கு எந்திரம் எங்கே வரும்?” என்று சிரித்தார் வித்தகராயர்.

ராஜாவுக்கு அன்று அந்தப் புத்தி. “நாளை முதல் எண்ணெய்ச் சாலைக்குள் ஆள் கூடாது! அமைச்சரே, உமது பதவியும் நாளையோடு சரி.”

“உத்தரவு, அரசே. இதை ஓர் எழுத்தும் மாற்றாமல் முரசறையச் சொல்லட்டுமா?”

“தாராளமாக!”

செக்காட்டிகளின் வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. செங்கமலம் மட்டும் அவர்களிடம், “காலையில் எண்ணெய்ச் சாலை வாசலுக்கு வாருங்கள்” என்றார்.

காலையில் ராஜா பரிவாரத்தோடு வந்தார். காவலன் வருமுன்பே உள்ளே போயிருந்த வித்தகராயர் எள்ளைக் கொட்டி, மதகைத் திறந்துவிட்டு, ராஜாவை வரவேற்க வெளியே ஓடிவந்தார். வாசற்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“மன்னிக்கணும் மகாராஜா. உள்ள ஆள் கூடாதுன்னு உத்தரவு.”

“அடேய், என்னைப் பார்த்தா ஆள் என்கிறாய்?”

“ஆள் இல்லேன்னா வேற என்னங்க, மகாராஜா?”

வித்தகராயர் பாய்ந்தார். “நான் யார் தெரியுமா?”

“தெரியுமே, பெரிய ஆளு! சின்ன ஆளே கூடாதுங்கிறாங்க. பெரிய ஆளை எப்படிங்க விடுறது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் உள்ளே எள் தீர்ந்து, வெறும் உரலில் உலக்கை உரசிக் கரகரவென்று கத்தியது. கருகல் நாற்றத்தோடு புகை எழுந்தது.

“ஐயோ, என் செக்கு! யாராவது போங்கள்!” என்று ராஜா அலறினார்.

“யார் போவது, அரசே?” என்றார் செங்கமலம். “இங்கே இருக்கிற எல்லோரும் ஆட்கள்தாம்.”

“உத்தரவு ரத்து! ஆட்கள் எல்லோரும் போங்கள்!”

செக்காட்டிகளின் தலைவர் மாசிலான் ஓடிப்போய் மதகை இறக்கினார். இன்னொருவர் எள் போட்டார், மற்றொருவர் அச்சுக்கு எண்ணெய் விட்டார். மதகு அளவாகத் திறந்தது. செக்கு சாதுவாகச் சுழன்றது. மாலையில் ஊர் விளக்கெல்லாம் எரிந்தன.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்தின் கையில் கொடுத்தார். “ஆள் இல்லாவிட்டால் நான் யாரை ஆள்வது? இனி எந்த எந்திரம் வந்தாலும், ஆட்களைப் பழக்கிய பிறகே அது ஓடும். வித்தகராயரே, நாளை முதல் நீர் மாசிலானிடம் வேலை பழகும்.”

மறுநாள் வித்தகராயர் மதகைத் தூக்கினார். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து அவரையே நனைத்தது. தலைகுனிந்து நின்றார்.

மாசிலான் தன் துண்டை நீட்டினார். “துடைச்சுக்குங்க சாமி. முதல் நாள் யாருக்கும் வராது. எங்களுக்கும் வரல.”