கடிக்கிற பிள்ளை

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்து நான்கு.

திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு மாதா கோவில். கோவிலுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான கூடம். அதுதான் அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள் நடத்தும் குழந்தைகள் காப்பகம். காலை ஷிப்டுக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பூசைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு. கோவிலுக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்களின் பிள்ளைகளும் உண்டு.

காப்பகத்தின் பொறுப்பு சிஸ்டர் அருள்சீலியிடம் இருந்தது. அவர் அதிகம் பேச மாட்டார்.

டீச்சர் அமலோற்பவம் நிறையப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பல வருடம் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் அவர் ஜெபமாலை சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும் என்பார்கள். காப்பகத்தில் அவர் வாயைத் திறந்ததும் பிள்ளைகள் உட்கார்ந்துவிடும். சில சமயம் கேஸ் கொண்டுவந்த ஆளும் உட்கார்ந்துவிடுவார்.

சேர்ந்த அன்றே அவர் சிஸ்டரிடம் சொல்லியிருந்தார். "வயசப் பார்க்காதீங்க சிஸ்டர். நான் உங்ககிட்டக் கத்துக்கத்தான் வந்திருக்கறனுங்க."

ஒரு நாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், அவர் சிஸ்டரின் எதிரே வந்து நின்றார். இடது முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க டீச்சர்."

"எத்தனை அன்பாச் சொன்னாலும் கேக்காத பிள்ளைய என்னங்க பண்றது?"

எந்தப் பிள்ளை என்று சிஸ்டர் கேட்கவில்லை. அது பாபுன். மூன்று வயது. ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவன் அம்மா சஸ்மிதா பக்கத்துத் தெரு கம்பெனியில் பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறார். காப்பகத்தில் அவன் பாஷை பேசுகிற பிள்ளை வேறு யாரும் இல்லை. வந்த புதிதில் ஜெரின் என்ற பையனின் தோளைக் கடித்தான். பிறகு இன்னொரு பெண்ணின் விரலை. முந்தின நாள் அமலோற்பவத்தின் கையை.

அன்று சாயங்காலம், கோவில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவை கூடுகிறது. அவனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதுதான் பேச்சு.

"அனுப்பிடுங்கன்னு நான் சொல்லப் போறேனுங்க," என்றார் அமலோற்பவம். "உங்களுக்குத் தெரியாம அங்க போயிச் சொல்லக் கூடாதில்லீங்களா. அதான் முன்னாடியே சொல்றேன்."

"அனுப்பினா அவன் எங்க இருப்பான்?"

"அவங்கம்மா பார்த்துக்கும்."

"அந்தக் கம்பெனிக்குள்ள பிள்ளைகளை விடறதில்லை. இங்க வர்றதுக்கு முன்னாடி ரூமுக்குள்ள அவனை விட்டு, வெளியே பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்காங்க. திரும்பவும் அதைத்தான் செய்வாங்க. இல்லைன்னா வேலையை விடணும்."

அமலோற்பவம் கீழே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பாவந்தானுங்க. ஆனா ஜெரினும் பாவந்தானுங்களே."

"ஆமா. ஜெரினும் பாவம்தான்."

சிஸ்டர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று அமலோற்பவம் எதிர்பார்க்கவில்லை. கைக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"நேத்து என்ன நடந்தது?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஒண்ணுமே நடக்கலீங்க. பால் கொட்டிப் போச்சு. அவன் கையில ஒரு வேஸ்ட் துணி இருந்துச்சு. வாங்கித் தரையத் தொடச்சேன். அதுக்குப் போயிக் கடிச்சுப் போட்டான்."

திருப்பூரில் பனியன் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. வண்டி துடைக்க, அடுப்பு துடைக்க, தரை துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கண்ணில் பட்ட வேஸ்ட் துணியை எடுத்துத் துடைப்பதற்கு அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

"கடிக்கறதுக்கு முன்னாடி அவன் ஏதாவது சொன்னானா?"

"அவனுக்குத்தான் பேச்சே வராதுங்களே."

"அவங்க பாஷையில நல்லாப் பேசறான் டீச்சர்."

"அது இங்க யாருக்குங்க புரியுது?"

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு மத்தியானம் கோவில்ல மூவேளை செப மணி அடிக்கிற வரைக்கும் பேசாம இருப்பீங்களா டீச்சர்?"

"நானா?"

"கையைக் காட்டலாம். தலையை ஆட்டலாம். வார்த்தை மட்டும் கூடாது. மணி அடிச்சப்புறமும் அவன் போகணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, நீங்க சொல்ல வேண்டாம். பேரவையில நானே சொல்லிடறேன்."

அமலோற்பவம் சிரித்துவிட்டார். "எங்க வூட்டுக்காரர் உசுரோட இருந்திருந்தா உங்களுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தி வெச்சிருப்பாருங்க."

"முடியுமா?"

"முடியுமுங்க. சொல்லிட்டேன்னா மாற மாட்டேன்."

அதுதான் அவர் அன்று காலை கடைசியாகப் பேசியது.

முதலில் வந்தது ஜெரினும் அவன் அம்மாவும். "ராத்திரியெல்லாம் மூக்கு ஒழுகுச்சுங்க டீச்சர். மருந்தை இப்பக் கொடுப்பீங்களா, சாப்பாட்டுக்கு அப்புறமா?"

அமலோற்பவம் வாயைக் காட்டினார். சோறு பிசைந்து உண்பதுபோலக் காட்டினார். பின்னால் கையை வீசிக் காட்டினார்.

"தொண்டை கட்டிக்கிச்சுங்களா? உப்புத் தண்ணியில கொப்புளியுங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். மருந்து எப்போது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளை உட்கார வைக்க அமலோற்பவம் கை தட்டினார். பிள்ளைகளும் கை தட்டின. நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. இன்பா என்ற சிறுமி சுற்றிச் சுற்றி ஓடிச் சொன்னாள்: "டீச்சருக்கு வாய் போயிருச்சு. டீச்சருக்கு வாய் போயிருச்சு."

பாபுன் மட்டும் மூலையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகளைப் போலச் சிரிக்கவில்லை. அவன் என்ன நினைத்தான் என்று நமக்குத் தெரியாது.

நேரம் போகப் போக அமலோற்பவத்தின் முகம் சிவந்தது. ஒரு பையனுக்கு வயிற்று வலியா, பசியா என்று அவரால் கேட்க முடியவில்லை. அழுத பெண்ணிடம் அம்மா வந்துவிடுவாள் என்று சொல்ல முடியவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டியது பலமாகிவிட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் இன்னும் அழுதாள். சிஸ்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உதவிக்கு வரவில்லை.

அமலோற்பவத்துக்குச் சர்க்கரை நோய். வீட்டிலிருந்து வெல்லம் போடாத சுக்குக்காபி ஒரு சொம்பில் கொண்டுவருவார். பத்தரைக்கு மேல் அதைக் குடித்தால்தான் அவருக்குத் தலை நிற்கும். அன்று அந்தச் சொம்பு அடுப்படியில், கழுவுகிற பாத்திரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. சமையல் செய்கிற மரகதம் அதை எடுத்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, கழுவுன தண்ணியாட்ட இருக்குது."

கூடத்தின் மறுகோடியில் இருந்த அமலோற்பவம் இரண்டு கைகளையும் வீசினார்.

"என்னுங் டீச்சர், ரோட்டுல பஸ்ஸை நிறுத்தறாப்புல?" மரகதம் சிரித்தார்.

அமலோற்பவம் மடியிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு வேகமாக வந்தார். சொம்பைக் காட்டினார். தன்னைக் காட்டினார். தலையை வேகமாக ஆட்டினார்.

"வேண்டாமுங்களா? நானும் அதைத்தான் நெனச்சேன்." மரகதம் சொம்பைச் சாய்த்தார்.

அமலோற்பவம் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். சொம்பு தரையில் விழுந்து உருண்டது. மரகதத்தின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. கையை எடுத்தபோது நகம் பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. வளையல் கீறிய இடத்தில் ரத்தம் கசிந்தது.

பிள்ளைகள் சத்தத்தை நிறுத்தின.

மரகதம் கோபப்படவில்லை. தன் கையையே பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊத்தியிருப்பனா நானு?"

மன்னிப்புக் கேட்க அமலோற்பவம் வாயைத் திறந்தார். மணி இன்னும் அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"பேச மாட்டீங்களா?" என்றார் மரகதம். "இதுக்குங்கூடவா?"

சிஸ்டர் பஞ்சும் மருந்துப் பாட்டிலும் கொண்டுவந்து அமலோற்பவத்தின் கையில் கொடுத்தார். பிள்ளைகளிடம் திரும்பிப் போனார். அமலோற்பவம் மரகதத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காயத்தைத் துடைத்தார். தன் கையில் கட்டுப் போட்டிருந்தவர் இன்னொருவர் கைக்குக் கட்டுப் போட நேரமானது.

சுக்குக்காபி தரையில் ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடிவிட்டன. பாபுனும் வந்திருந்தான். அவன் கையில் எப்போதும் இருக்கும் அதே வேஸ்ட் துணி. முந்தின நாளே சிஸ்டர் அதை அலசிக் காயப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பாபுன் தரையில் ஓடுகிற காபியைப் பார்த்தான். பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தான். துணியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

அமலோற்பவம் எழுந்தார். ஆணியில் தொங்கிய வேறொரு துணியை எடுத்து வந்து, முழங்கால் போட்டுத் தரையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் அங்கேயே முழங்காலில் இருந்தார்.

மூவேளை மணி அடித்தது.

சிஸ்டர் செபம் சொன்னார். பிள்ளைகள் தெரிந்த வார்த்தைகளைச் சொல்லின. முடிந்ததும் சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"இப்பப் பேசலாம் டீச்சர்."

அமலோற்பவம் அடுப்படிக்குப் போனார். "ரொம்ப எரியுதா மரகதம்?" என்று கேட்டார். "தப்பு எம்மேலதான்."

"விடுங் டீச்சர். வெல்லம் போடாமச் சுக்குக்காபி போட்டு வெச்சிருக்கறேன். இதுல யாரும் கை வெக்க மாட்டாங்க. நாந்தான் கீழ ஊத்தறதுக்குப் பயந்து தூரமா நிக்கறனே."

பாபுனைப் பற்றி அவர் சிஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பேரவை கூடியது. நடுவில் பங்குத்தந்தை. ஜெரினின் அப்பா தனிஸ்லாஸ் பேரவை உறுப்பினர், முன்வரிசையில் இருந்தார். கம்பெனியிலிருந்து நேராக வந்த சஸ்மிதா, பாபுனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. பேச்சு புரியாததால் பேசுகிறவர்களின் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என் பையன் தோள்ல இன்னும் பல்லுத் தடம் இருக்குதுங்க ஃபாதர்," என்றார் தனிஸ்லாஸ். "நான் யாருக்கும் விரோதி இல்லை. ஆனா காலையில பையனை விட்டுட்டுப் போனா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. டீச்சரே சொல்லட்டும். அவங்களையும்தான் கடிச்சிருக்கான்."

"சொல்லுங்கம்மா," என்றார் பங்குத்தந்தை.

அமலோற்பவம் எழுந்தார். வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பேசினார்.

"இருக்கட்டுங்க ஃபாதர்."

தனிஸ்லாஸ் திரும்பினார். "இனிமே கடிக்க மாட்டான்னு நீங்க உறுதி சொல்றீங்களா?"

"இல்லீங்க. கடிப்பான்."

யாரோ சிரித்தார்கள். தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சேவா வெச்சுக்கச் சொல்றீங்க?"

"ஆமாங்க. நாலு வார்த்தை வர்ற வரைக்கும் என் பக்கத்துலயே உக்கார வெச்சுக்கறேன். சோறும் எங்கூட, தூக்கமும் எங்கூட. அவன் பல்லுக்கும் உங்க பையனுக்கும் நடுவுல எங்கை இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

தனிஸ்லாஸ் சிஸ்டரைப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே சிஸ்டர்."

"டீச்சர் சொல்லிட்டாங்க," என்றார் சிஸ்டர்.

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இன்னொரு பிள்ளை மேல பல்லுப் பட்டா, அப்புறம் என்கிட்ட வராதீங்க."

"வர மாட்டேனுங்க," என்றார் அமலோற்பவம்.

வெளியே வந்ததும் அவர் சஸ்மிதாவிடம் காப்பகத்தைக் காட்டினார். பாபுனைக் காட்டினார். விடிகிற திசையைக் காட்டினார். இந்த முறை அவர் கை சொன்னது புரிந்துவிட்டது. சஸ்மிதா தலையசைத்தார். பிள்ளையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தார். பாபுன் அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே போனான்.

காப்பகத்தைப் பூட்டக் குருவும் சீடரும் சேர்ந்து போனார்கள். கதவருகே வந்தபோது அமலோற்பவம் நின்றார்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க டீச்சர்."

"அத்தனை பேருக்கு முன்னாடி வீம்பாச் சொல்லிட்டு வந்துட்டேனுங்க. நாளைக்கே மறுபடியும் கடிச்சான்னா என்னங்க பண்றது?"

சிஸ்டர் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"முழுக்கை வெச்சு ரெண்டு ஜாக்கெட் தெச்சுக்குங்க டீச்சர்."