ஐவர் சொன்ன துளிகள்

இந்தக் கதையில் வரும் எண்களைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். முடிவில் தீர்ப்பு உங்களுடையது.

செம்மலை நாட்டுத் தலைவன் சேந்தனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அதற்கு ஒரே மருந்து, மலைவேர் ஒன்றின் சாறு. துளி குறைந்தால் காய்ச்சல் கொல்லும். மிஞ்சினால் மருந்தே கொல்லும்.

நினைவு தப்புமுன் அவன் தன் மனைவி வானவியின் கையைப் பற்றினான். "மருத்துவர் ஐவரையும் தனித்தனியே கேள். அவர்கள் சொல்வதில் நடுவானது எதுவோ, அதைக் கொடு."

ஐவரும் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி வானவி ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டாள். முதலாமவர் நான்கு துளி என்றார், அடுத்தவர் ஆறு. நடு இருக்கையில் இருந்தவர் அரண்மனையின் மூத்த மருத்துவர் விடங்கர். அவர் முப்பது என்றார். நான்காமவர் மூன்று, கடைசியானவர் ஏழு.

ஐவர் சொன்னதையும் வானவி வெளியே வந்து சொன்னதும் அமைச்சர் அம்பலவாணர் தயங்கவேயில்லை. "நடுவில் அமர்ந்தவர் விடங்கர். தலைவர் குறித்தது அவரைத்தான். முப்பது கொடுங்கள், தேவி."

சேந்தனின் தம்பி நம்பன் மறுத்தான். "ஒருவர் சொல்லை ஏற்று நால்வரைத் தள்ளுவதா? ஐந்தையும் கூட்டினால் ஐம்பது. ஐந்தாகப் பங்கிட்டால் பத்து. பத்து கொடுங்கள், அண்ணி. எல்லோர் சொல்லையும் மதித்ததாக இருக்கும்."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. கிண்ணத்தைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் கை முன்னே போகவில்லை. கண்ணை மூடி, சின்னதிலிருந்து பெரியது வரை எண்களை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்: மூன்று, நான்கு, ஆறு, ஏழு, முப்பது.

"ஆறு கொடுக்கிறேன்" என்றாள்.

"மூத்தவரை அவமதிக்கிறீர்கள்" என்றார் அமைச்சர்.

"அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்றான் நம்பன்.

"பழி என்னோடு போகட்டும்." தேனில் ஆறு துளி விட்டு, கணவனின் உதட்டைப் பிரித்துப் புகட்டினாள்.

மூவரும் பிடித்துக்கொண்டது சேந்தனின் ஒரே வாக்கைத்தான். அவன் சொன்ன 'நடு' இருப்பது இருக்கையிலா, பங்கிலா, வரிசையிலா? இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: வானவி சொன்னதே சரி. மருத்துவர்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அமைச்சரின் விடையும் மாறியிருக்கும். நம்பனின் பத்தை ஐவரில் ஒருவரும் சொல்லவில்லை. நால்வர் சொன்னதைவிட அது அதிகம். ஒற்றை முப்பது அதை மேலே இழுத்துவிட்டது. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தினால், ஆறுக்குக் குறைத்துச் சொன்னவர் இருவர், கூட்டிச் சொன்னவர் இருவர். விடங்கர் முந்நூறு என்று சொல்லியிருந்தாலும் ஆறு இடம் பெயர்ந்திருக்காது. அவர் மறந்து சொன்னாரா, மனமறிந்து சொன்னாரா என்று ஆராய வேண்டிய தேவையும் வானவிக்கு வரவில்லை. மறுநாள் மாலை சேந்தன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். வானவி செம்பைத் தூக்கி அவன் உதட்டருகே பிடித்தாள்.