சர்வேயர் பார்த்த இடம்

மலையடிவார ஆசிரமத்துக்கு ஆவுடையப்பன் வந்து ஆறு வருடம். அதற்கு முன் நில சர்வேயர். குரு மங்கையம்மா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். 'சர்வேயர் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஆண்டு பத்துக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து, காட்டில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. இடம் பார்க்கும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு. அவர் வீட்டை விட்டு வந்ததிலிருந்து எட்டிப் பார்க்காத மகளும் பெயர் கொடுத்திருந்தாள். ஐந்து வயது மகளோடு வருகிறாளாம். கடிதத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?'

ஒரு முள்கூடக் குத்தக் கூடாது என்று ஆவுடையப்பன் கங்கணம் கட்டிக்கொண்டார். வனத்துறை அனுமதித்த எல்லைக்குள் ஒன்பது நாள் அலைந்தார். பத்தாம் நாள் காலை குருவை அழைத்துப் போனார்.

"பாருங்கள் அம்மா. கல் இல்லை, முள் இல்லை. ஓடை இருபதடி. மட்டம் பிடித்துப் பார்த்துவிட்டேன். கேரம் போர்டுதான்!"

"அழகான இடம். யார் பெருக்கி வைத்தது?"

"யாரும் இல்லை. இப்படியேதான் இருந்தது."

"என் அறையை ஒரு நாள் விட்டால் குப்பை சேருகிறது. சுற்றிலும் புதர் மண்டிய காட்டில் இது மட்டும் தானாகச் சுத்தமாக இருக்கிறதாக்கும்?"

ஆவுடையப்பன் மறுபடி குனிந்து தரையைப் பார்த்தார்.

"தரையை அளந்தது போதும், சர்வேயர் ஐயா. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்."

நிமிர்ந்தார். எதிரே மருத மரத்தில் சேறு அப்பியிருந்தது. கையை உயர்த்தினார். எட்டவில்லை. அதற்கும் ஒரு முழம் மேலே, உரசி உரசிப் பட்டை வழவழத்திருந்தது.

"யானை" என்றார்.

"அவையும் குடும்பத்தோடுதான் வரும். தண்ணீருக்கு இதுதான் வழி."



"இங்கேதான் என் பேத்தியைப் படுக்க வைக்க இருந்தேன். வர வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா, அம்மா?"

"வேறு இடமே இல்லையா?"

"வனக்காவலர் குடிசைப் பக்கம் ஒன்று இருக்கிறது. முழுக்கக் கல்லும் நெருஞ்சியும். யானை என்ன, ஆடுகூட அங்கே போகாது."

"நல்லதாகப் போயிற்று."

அன்று மதியமே கூடையும் மண்வெட்டியுமாக ஆவுடையப்பன் அங்கே போனார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் மங்கையம்மா மோர் கொண்டுவந்தபோது நெருஞ்சி முழுக்க ஒழிந்திருந்தது. கல் பாதி கிடந்தது. ஆவுடையப்பனின் உள்ளங்கை கொப்புளமாக இருந்தது.

"நாளை மறுநாள் வந்துவிடுவார்கள். முதுகு ஒடிந்தாலும் முடித்துவிடுவேன், அம்மா. ஒரு கல் மிச்சம் இருந்தாலும் மகள் முகத்தில் விழிக்க மாட்டேன்."

மங்கையம்மா அவர் கையிலிருந்த கூடையை வாங்கிக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

"உங்கள் பேத்திக்கு எத்தனை கை?"

"இரண்டு."

"அவள் அம்மாவுக்கு?"

"இரண்டுதான்."

"எல்லாக் கல்லையும் நீங்களே பொறுக்கிவிட்டால், அவர்கள் வந்து உங்களோடு என்ன செய்வார்கள்?"