கிரீடம் தொலைத்த நிழல்

முன்னொரு காலத்தில் மஞ்சனாற்று நாட்டை இடிமுழக்க வர்மன் என்றொரு ராஜா ஆண்டான். இடி அவன் பெயரில்தான் இருந்தது; நாட்டில் மழை இல்லை.

அங்கே ஒரு வழக்கம். வருஷந்தோறும் முடிசூட்டிய நாளன்று ராஜா காலை வெயிலில் மேடையேறி நிற்பான். அவன் முகத்தைப் பார்க்கக் குடிமக்களுக்கு அருகதை கிடையாதாம். முற்றத்துச் சுண்ணாம்புத் தரையில் விழும் நிழலின் கிரீடத்தைத்தான் அவர்கள் கும்பிட வேண்டும். தளவாய் கும்பலிங்கம் ராஜாவின் மனம் குளிர மேடையை வருஷத்துக்கு ஒரு மாடி உயர்த்தினான். செங்கல் சுமந்தவர்களின் கழுத்துதான் தேய்ந்தது.

ஏழாவது மாடி எழுந்த வருஷம், கீழே விழுந்த நிழலில் தலையே சரியாகத் தெரியவில்லை. கிரீடத்துக்கு எங்கே போக? மங்கலாக ஒரு புகைதான். ஜனங்கள் திகைத்து, கைப்பிடிச் சுவரின் நிழலைக் கும்பிட்டு வைத்தார்கள்.

ராஜா கொதித்துப்போய் இறங்கிவந்து குடையின் கீழ் உட்கார்ந்தான். தரை பூசிய ஒச்சம்மாவைத் தளவாய் இழுத்துவந்தான்.

"பிரபு, இவள் சுண்ணாம்பில் சாம்பலைக் கலந்து தங்கள் கிரீடத்தை விழுங்கிவிட்டாள். வலக்கையை வெட்ட உத்தரவிடுங்கள்!"

சுண்ணாம்பில் வெந்து வெளுத்த கை அது. போனால் கஞ்சியும் போச்சு. ஒச்சம்மா தான் பூசிய தரையைப் பார்த்தாள்.

"மகாராசா, தரை கெட்டிருந்தா எல்லார் நிழலும்ல கெட்டிருக்கணும்? தளவாய் ஐயா மீசையைப் பாருங்க. முறுக்கின நுனி வரைக்கும் தரையில தெரியுது."

ராஜா குனிந்து பார்த்தான். "என்ன தளவாயே, என் தெளிவையெல்லாம் உமது மீசைக்கு எடுத்துக்கொண்டீரா?"

"ஐயோ பிரபு! மீசை என் சொந்தச் சம்பாத்தியம்!"

"அவரை மேல ஏறி நிக்கச் சொல்லுங்க. அங்கேயும் மீசை தெரிஞ்சா என் கையை வெட்டிக்குங்க" என்றாள் ஒச்சம்மா.

தளவாய் மூச்சு வாங்க ஏழு மாடியும் ஏறினான். உச்சியிலிருந்து கூவினான்: "நன்றாகத் தெரிகிறதா, பிரபு?"

"ஒரு பூசணிக்காய் தெரிகிறது!" என்றான் ராஜா. பிறகு அவள் பக்கம் திரும்பினான். "இது என்ன மாயம், பெண்ணே?"

ஒச்சம்மா தன் பூச்சுக் கரணையைத் தரையருகே பிடித்தாள். நிழல் கத்தி போல் விழுந்தது. அதையே நீண்ட மூங்கில் நுனியில் கட்டி உயர்த்தினாள். நிழலின் ஓரம் மங்கிக் கலைந்தது.

"சூரியன் ஊசிமுனை இல்ல மகாராசா, தட்டு. தட்டோட இந்தக் கரையிலேர்ந்தும் வெளிச்சம் வருது, அந்தக் கரையிலேர்ந்தும் வருது. தரையை ஒட்டி நின்னா அந்த வெளிச்சம் நிழலுக்குள்ள நுழைய இடம் கிடைக்காது, ஓரம் சுத்தமா விழும். உசரத்துல நின்னா, நிழல் கீழே வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பக்கத்து வெளிச்சமும் ஓரத்தை அரிச்சிடும். குடையை மடக்கிட்டு, எங்களை மாதிரி தரையில நின்னு பாருங்க."

"மன்னர் மேல் வெயில் படுவதா!" என்று சபை பதறியது.

"மடக்கு" என்றான் ராஜா.

கிரீடத்தின் ஒன்பது முனைகளும் தரையில் பளிச்சென்று விழுந்தன. ராஜா குழந்தை மாதிரி கைதட்டினான். வெட்டவிருந்த கை அவன் நினைவிலேயே இல்லை.

"என் கை, மகாராசா?"

"உன் கை உனக்கே!" என்றான், தன் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுப்பவன் போல. "வேறென்ன வேண்டும், கேள்."

"மேடையை இடிங்க. ஏத்தச் சொன்னவரே செங்கலை இறக்கட்டும்."

மறுநாள் காலை தளவாய் கும்பலிங்கம் தலைச்சுமையோடு முற்றத்தில் நடந்தான். நிழல் வெகு சுத்தமாக விழுந்தது. தலையிலிருந்த செங்கலை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒச்சம்மா எண்ணினாள்.

"ஆறுதான் இருக்கு. எங்களுக்கெல்லாம் எட்டு வைப்பீங்களே, ஐயா" என்று சொல்லி, இன்னும் இரண்டை எடுத்து வைத்தாள்.