கோட்டுக்குக் கீழே ஓர் எண்

“இன்னும் நான் என்னதான் செய்யணும், டீச்சர்?” என்று கேட்டார் கணக்கு ஆசிரியர் செல்வின்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் அது. இசக்கியம்மாள் கணக்கில் மட்டும் தோற்றிருந்தாள்.

தலைமையாசிரியை ஜமீலா முடிவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வின் கணக்கு நடத்தப் பழகியதே அவரிடம்தான்.

“சாயங்காலமெல்லாம் சிறப்பு வகுப்பு வச்சேன். புரியாதவங்க எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சு, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப, மெதுவாப் போட்டுக் காட்டினேன். மத்தவங்க எப்படியோ கரையேறிட்டாங்க. இவளுக்கு மட்டும் ஏறல.”

“எது ஏறல?”

“கணக்குதான்.”

ஜமீலா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க, போய்ப் பார்ப்போம்.”

இசக்கியின் வீட்டு வாசலில் ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. சித்தியோடு கோயம்புத்தூருக்குப் போகிறாளாம். மில் வேலை.

“துணைத் தேர்வு இருக்கேம்மா,” என்றார் ஜமீலா.

“நாங்க சொல்லிப் பார்த்துட்டோம். அவதான், டீச்சர், ஒத்துக்க மாட்டேங்கா,” என்றாள் அம்மா.

இசக்கி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

“கணக்கு உனக்குக் கடைசியா எப்போ புரிஞ்சுது?” என்று கேட்டார் ஜமீலா.

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“அஞ்சாம் வகுப்புல, டீச்சர். அம்மை போட்டுப் படுத்திருந்தேன். திரும்பி வந்தப்போ போர்டுல ஒரு எண், அதுக்கு அடியில கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு எண். அது என்னன்னு தெரியல. அதுக்கப்புறம் எல்லாக் கணக்குலயும் அதுதான் வந்துச்சு.”

செல்வின் அவளையே பார்த்தார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, இசக்கி.”

“சொல்லத்தான் நினைச்சேன், சார். எங்களுக்காகக் கத்திக் கத்தி உங்களுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. அதுக்கு மேல அஞ்சாம் வகுப்புப் பாடத்தை எப்படிக் கேக்க?”

செல்வின் தரையில் உட்கார்ந்தார்.

வழிக்கென்று சுட்டு வைத்திருந்த சப்பாத்தியில் ஒன்றை வாங்கி, நாலாகக் கிழித்தார்.

“எத்தனை துண்டு?”

“நாலு.”

“அது கோட்டுக்குக் கீழே.”

மூன்று துண்டுகளை அவள் கையில் வைத்தார்.

“உங்கிட்ட இருக்கிறது மேலே.”

இசக்கி கையைப் பார்த்தாள். அவர் கையில் மிஞ்சிய ஒரு துண்டைப் பார்த்தாள்.

“எட்டாக் கிழிச்சிருந்தா, இதே அளவுக்கு ஆறு துண்டு தந்திருப்பீங்க.”

“ஆமா.”

பஸ் வருகிற சத்தம் கேட்டது. சித்தி பையைத் தூக்கிக்கொண்டு, “சீக்கிரம் வா,” என்று முன்னே நடந்தாள்.

இசக்கி எழுந்து செருப்பை மாட்டினாள். மூன்று துண்டும் கையிலிருக்க, கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.

“அவ்வளவுதானா, சார்?”