முழ நீளக் கப்பலின் சாடிகள்

கேளுங்கள். இன்று கடல் கிடக்கும் இடத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் போனவர்கள் மாண்டுபோனால், அதே கப்பலை முழ நீளத்தில் செய்து கடலில் விடுவார்கள். மாண்டவர்கள் அதன் மேல்தளத்தைப் பார்ப்பார்கள். தங்கள் கப்பல்தான் என்று தெரிந்தால் ஏறிப் போவார்கள். தெரியாவிட்டால் கரையோரமாகவே அலைவார்கள்.

ஒருமுறை பரஞ்சோதிச் செட்டியாரின் கப்பல் காற்றில்லாமல் நடுக்கடலில் நின்றுவிட்டது. பிறகு கண்டவர்கள், அதில் போன பதினெட்டுப் பேரும் தண்ணீரில்லாமல் உலர்ந்து கிடந்தார்கள் என்றார்கள். சின்னக் கப்பல் செய்யச் சேந்தன் என்ற தச்சனிடம் சொன்னார்கள். அவன் தங்கை பூவாயியின் கணவனும் அந்தப் பதினெட்டில் ஒருவன்.

செட்டியார் வந்து பார்த்தார். "தண்ணீர்ச் சாடி ஆறு வை, சேந்தா. குறை தெரியக்கூடாது."

பெரிய கப்பல் புறப்பட்ட அன்று செட்டியார் ஆறு சாடிகளில் நான்கை இறக்கச் சொல்லி, அங்கே மிளகு மூட்டை அடுக்கவைத்ததைச் சேந்தன் பார்த்திருந்தான். ஆனால் செட்டியாரின் கப்பல் துறையில்தான் அவனுக்குப் பிழைப்பு. ஆறு வைத்தான்.

முதல் நாள் விட்டார்கள். நண்பகலில் திரும்பி வந்தது. சேந்தன் வலப்புறமாகச் சுற்றிய கயிறு இடப்புறமாகச் சுற்றிக் கிடந்தது. கப்பலை நடத்திய தண்டேல் இடக்கைக்காரர் என்பதை அவன் மறந்திருந்தான்.

இரண்டாம் நாள் விட்டார்கள். திரும்பி வந்தது. பாய்மரத்துக்கு முன்னால் வைத்த அடுப்பு பின்னால் இருந்தது. பெரிய கப்பலில் அதுதான் அடுப்பின் இடம்.

"அவங்க உனக்கு வேலை கத்துக்கொடுக்கிறாங்க, அண்ணே," என்றாள் பூவாயி. சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் விட்டார்கள். திரும்பி வந்தது. எதுவும் இடம் மாறவில்லை. நான்கு சாடிகளின் வாயைச் சுற்றி மட்டும் கீறல்கள், எறும்பின் கால் அளவில்.

பூவாயி குனிந்து பார்த்தாள். "நகம்," என்றாள். "திறக்கப் பார்த்திருக்காங்க. இதுல தண்ணி இருந்துதா, அண்ணே?"

சேந்தன் உளியை எடுத்தான். ஊரார் பார்க்க நான்கு சாடிகளையும் பெயர்த்தான். அங்கே நான்கு சிறு மூட்டைகளைச் செதுக்கி வைத்தான்.

"அது என்னடா?" என்றார் செட்டியார்.

"உங்க மிளகுதான், செட்டியாரே."

எல்லோரும் செட்டியாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் காற்றே இல்லை. கப்பல் அலையை எதிர்த்துத் தானாகப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் நின்றது. ஒரு நூலளவு அமிழ்ந்தது. பிறகு இன்னொரு நூல். யாரோ ஒவ்வொருவராக ஏறுவது போல. பூவாயி எண்ணிக்கொண்டே நின்றாள். பதினெட்டு ஆனதும் மணலில் உட்கார்ந்து, முதல் முறையாக அழுதாள்.

கப்பல் திரும்பவில்லை.

மாண்டவர்களுக்குச் செய்வதில் அழகு குறைந்தால் அவர்கள் பொறுப்பார்கள், உண்மை குறைந்தால் பொறுக்கமாட்டார்கள்.