என்ஜின் ஆறும் நேரம்

அன்று அந்தச் சூலூர்க் கொட்டகையில் இருந்தவர்கள் மூவர். பழைய பந்தயக் கார்களைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி சென்னியப்பன். அறுபத்து மூன்று வயதில் அவரிடம் தொழில் கற்க வந்த லட்சுமிபதி. இவர் ஒரு காலத்தில் அதே மேஸ்திரிக்கு முதலாளியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு வண்டிகளைச் சோதித்து அனுமதி தரும் அமலோற்பவம். நான்காவதாக அங்கே நின்ற பச்சைக் காரையும் எண்ண வேண்டும் என்பது லட்சுமிபதியின் கட்சி.

அந்தக் காரில் அவர் இருபத்தாறு ஆண்டுகள் பந்தயம் ஓட்டியவர். அவருடைய மில் மூடியாயிற்று. மனைவி காலமாகிவிட்டார். உடன் ஓட்டியவர்களில் மிஞ்சியிருக்கும் ஓரிருவர் தொலைபேசியை எடுப்பதில்லை. வயது வரம்பின்படி இந்த ஞாயிறுதான் அவருக்குக் கடைசிப் பந்தயம். நாலு பேர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் நாள் இனி அது ஒன்றுதான்.

அதற்குக் குறுக்கே நின்றது ஒரு டம்ளர் தண்ணீர்.

வண்டியை ஓட்டி நிறுத்தி, மறுநாள் காலையில் பார்த்தால், ரேடியேட்டரில் ஒரு டம்ளர் குறைந்திருக்கும். தரையில் ஈரம் இருக்காது. புகையில் வெண்மை இல்லை. எண்ணெயில் கலப்பு இல்லை. லட்சுமிபதி பத்தொன்பது நாள் தேடினார். வாட்டர் பம்பை மாற்றினார். மூடியை மாற்றினார். ரேடியேட்டரைப் பற்றவைத்தார். குறைந்த தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது.

சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. "நானே கண்டுபிடிக்கணும் மேஸ்திரி, நீங்க சொல்லிடக் கூடாது" என்று முதல் நாளே சத்தியம் வாங்கியவர் லட்சுமிபதிதான். அதுவரை "நீ" என்று அழைத்தவரை அன்றுதான் "நீங்க" என்றார்.

அமலோற்பவம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"என்ன சார் இது, மஞ்சளா இருக்கு?"

லட்சுமிபதி சுவரைப் பார்த்தார். சென்னியப்பன் பதில் சொன்னார்.

"மஞ்சத்தூளுங்க அம்மணி. ஓட்டைய அடைக்கும்னு யாரோ லாரிக்காரர் சொல்லியிருக்காரு."

"மிளகும் பூண்டும் போட்டிருந்தா ரசமாவது தேறியிருக்கும்."

"பெருங்காயம் வாங்கியாந்து வெச்சிருக்காருங்க."

லட்சுமிபதியும் சிரித்துவிட்டார். ஆனால் அமலோற்பவம் மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தண்ணி சிந்தற வண்டியைப் பந்தயத் தளத்துல விடமாட்டேன் சார். பின்னால வர்றவன் வழுக்கிச் சுவத்துல மோதுவான். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றேன். பம்பு வெச்சுக் காத்தடிச்சுப் பாப்பேன். அழுத்த முள்ளு எறங்குச்சுன்னா வண்டி வீட்டுக்குத்தான்."

"நானே பம்பு வெச்சுப் பார்த்துட்டேம்மா. ஓட்டி முடிச்ச சூட்டோட பார்த்தேன். முள்ளு அசையலை."

"நான் ஆறின என்ஜின்லதான் சார் பாப்பேன்."

சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

லட்சுமிபதி பத்தொன்பது நாளாக விழுங்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"தண்ணி எங்கதான் போகுது, மேஸ்திரி?"

"மஞ்சத்தண்ணிய எறக்கிட்டு நல்ல தண்ணி ஊத்துங்க. மில்லைச் சுத்தி இருபது சுத்து ஓட்டிட்டு வாங்க."

அவர் ஓட்டினார். ஓட்டும்போது அவருக்கு வயது தெரிவதில்லை. இருபதாவது சுற்றில் சூட்டைக் காட்டும் முள் உச்சத்தில் நின்றது. கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வழக்கம்போல் டார்ச்சோடு அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். எங்கும் ஒரு சொட்டு இல்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினார்.

"எங்க போறீங்க?"

"பார்த்தாச்சே. ஒண்ணுமில்லை. முடிஞ்சுது."

"முடியலீங்க."

சென்னியப்பன் ஓர் இரும்பு நாற்காலியை இழுத்துப் பானட்டின் அருகில் போட்டார்.

"உக்காருங்க. எதையும் தொடாதீங்க. எங்கூடப் பேசாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"அது வண்டிக்குத்தான் தெரியும்."

மணி அப்போது மூன்று. சென்னியப்பன் கொட்டகையின் மறுகோடிக்குப் போய் ஏதோ ஒரு கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கினார்.

லட்சுமிபதி உட்கார்ந்தார். அந்தக் காரின் உறுமலை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார். நின்ற பிறகும் அது ஓசை எழுப்பும் என்பதை அன்றுதான் அறிந்தார். சூடான இரும்பு எங்கோ உள்ளே டிக்கென்றது. சிறிது பொறுத்து, வேறோர் இடத்தில் டிக்கென்றது. இடைவெளி நீண்டுகொண்டே போனது.

பந்தயங்களில் கொடி விழுந்ததும் அவர் ஹெல்மெட்டை இருக்கையில் எறிந்துவிட்டு இறங்கிவிடுவார். அதன்பின் தோள்கள், மாலைகள், மேடை, விருந்து. மறுநாள் கழுவித் துடைத்த வண்டி வாசலில் நிற்கும். இடையில் வண்டிக்கு ஒரு மாலைப்பொழுது உண்டு என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நாலு மணி ஆயிற்று. ஐந்தாயிற்று. எழுந்து போகலாம் என்று இரண்டு முறை தோன்றியது. போனால் வீடு. அங்கே மறுநாள் காலைவரை அவர் ஒரு சொல்லும் பேச வேண்டியிருக்காது. உட்கார்ந்தே இருந்தார்.

ஆறு மணிக்குச் சற்று முன், என்ஜினிலிருந்து ரேடியேட்டர் ஹோஸ் தொடங்கும் அலுமினியக் கழுத்தில், ஹோஸை இறுக்கும் கிளிப்புக்குக் கீழே, ஒரு சொட்டு திரண்டது. கடுகளவு, மிளகளவு, பிறகு விழுந்தது. கீழே பொருத்தியிருந்த தகட்டில் தங்கி, மெல்ல உலர்ந்தது. தரைக்கு வரவே இல்லை. இன்னொன்று திரண்டது.

"மேஸ்திரி."

சென்னியப்பன் வந்து பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

"அரைச் சுத்து. அதுக்கு மேல வேண்டாம்."

திருகியதும் சொட்டு நின்றது. லட்சுமிபதி மூச்சுவிட்டார்.

"சூட்டுல கழுத்து வீங்கி ஹோஸை அடைச்சுக்கும். ஆறுறப்ப சுருங்கி விட்டுரும். தண்ணி கழுத்துக்குக் கீழ எறங்குனதும் தானா நின்னுரும். அந்த ஒரு டம்ளர்தானுங்க."

"அப்ப இறுக்கியே வெச்சுட்டாப் போச்சு."

"இறுக்குன மேனிக்கு ஓட்டுனா கழுத்து வெடிக்கும். ஓட்டறதுக்கு முன்னால தளர்த்தணும். நின்ன பிறகு, ஆற ஆற இறுக்கணும். ஒரு தடவை இறுக்குனாப் பத்தாது. முழுசா ஆறுற வரைக்கும் கூடவே இருக்கணும்."

"வேற கழுத்து?"

"இந்த வண்டிக்குக் கிடையாதுங்க. பத்த வெச்சாலும் விரியும்."

எப்படியானால் என்ன, நாளைக் காலையில் முள் இறங்காது. ஞாயிறு அவருடையது. லட்சுமிபதி மனத்துக்குள் கணக்குப் போட்டார். பந்தயம் நாலரைக்கு முடியும். மேடை ஏழு மணிக்கு. ஏழே காலுக்குச் சொட்டத் தொடங்கும்; வண்டி முழுவதும் ஆற ஒன்பது மணி ஆகும். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வந்துருவீங்கல்ல, மேஸ்திரி? நான் மேடைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும்."

"இல்லீங்க."

"ஏன்?"

"தொழில் கத்துக்கிட்டீங்கல்ல, முதலாளி."

லட்சுமிபதி குனிந்து கிளிப்பைப் பார்த்தார். சுற்றியிருந்த மற்றக் கிளிப்புகளின் திருகுகள் கூர்மையாக இருந்தன. இந்த ஒரு திருகின் தலை மட்டும், நடுக்கோடு மழுங்கி, வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் அதை விரலால் தடவினார்.

"இது புது ஒழுக்கு இல்லியா?"

"இல்லீங்க."

"எப்ப இருந்து?"

"நீங்க ஓட்டுன மொதப் பந்தயத்துல இருந்து."

"இருபத்தாறு வருசம்." அவர் குரல் தாழ்ந்தது. அவரை அறியாமலே பழைய முறை நாவில் வந்தது. "நான் போன பின்னாடி ஒவ்வொரு தடவையும் நீ மட்டும் வண்டி பக்கத்துல உக்காந்திருந்தியா?"

"வண்டி ஆறணுமில்லீங்க."

"ஒரு தடவை கூட ஏன் சொல்லலை, சென்னியப்பா?"

"சொல்றதுக்கு நீங்க இருக்கணுமேங்க."

என்ஜின் இன்னும் முழுவதும் ஆறியிருக்கவில்லை. சென்னியப்பன் கைகளைத் துடைத்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப வாங்காமல் வெளியே நடந்தார்.